ஒரு மணித்தியாலம் நடந்தும் எடை குறையாதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 54, எடை 75 கிலோ. மூன்று மாதமாகப் பின்னேரத்தில் நண்பர்களோடு கதைத்துக்கொண்டு கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன். ஒரு கிலோவும் குறையவில்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன், அதுவும் இறங்கவில்லை. சாப்பாட்டில் மாற்றமில்லை: மத்தியானம் சோறு, நாளுக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி. என் தகப்பனார் ஒருநாளும் உடற்பயிற்சி செய்யாமலே கடைசிவரை வயல் செய்தார். கைபேசியில் 10,000 அடி காட்ட வேண்டும் என்கிறார்கள். நடை வீண்தானா? ஜிம்மில் சேர்ந்து புரத மா குடிக்கட்டுமா? (வாசகர், கல்லடி, மட்டக்களப்பு)

பதில்: நடை வீணில்லை. நீங்கள் நடக்கும் விதம் போதாது. மூச்சு வாங்காமல் ஒரு மணித்தியாலம் ஊர்க்கதை கதைக்க முடிகிறதென்றால் அது உலாத்தல். முதல் இரண்டு கிழமை அதுவும் உடலுக்குப் புதிதாக இருந்திருக்கும். அதற்குள் இதயமும் காலும் பழகிவிட்டன. பழகிய வேலைக்காக உடல் மேலும் மாறுவதில்லை. பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேலை கொடுத்தால்தான் இதயமும் தசையும் எலும்பும் பலப்படும். உடற்பயிற்சியின் முதல் விதியே இதுதான். நம்மவர்கள் நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள், கடினத்தை எண்ணுவதில்லை.

கடினத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இன்னும் துல்லியம் வேண்டுமானால் 15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100 அடி. நடுத்தர வேகம் அங்கேதான் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் கேட்பது இந்த வேகத்தை. 10,000 என்ற எண்ணோ 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றோடு பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்த இலக்கமல்ல. அதைத் துரத்த வேண்டியதில்லை.

நாளை முதல் இப்படி நடந்து பாருங்கள். ஐந்து நிமிடம் மெதுவாக. பிறகு மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி ஐந்து சுற்று. கடைசி ஐந்து நிமிடம் மறுபடி மெதுவாக. 40 நிமிடத்தில் முடிந்துவிடும். மெதுவான மூன்று நிமிடத்தில் நண்பர்களோடு கதைக்கலாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: ஒரு சுற்று, அல்லது வேகம். இரண்டையும் சேர்த்துக் கூட்டுபவர்தான் குதிக்கால் வலியோடும் முழங்கால் வீக்கத்தோடும் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுகிறார். கடற்கரையின் இளகிய மணலில் நடந்தால் உழைப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆனால் குதிக்கால் தசைநாண் அதற்குப் பழகும்வரை பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு காலுக்கே பாரம் கூடும்; போன வழியாலேயே திரும்பி வந்தால் சரியாகிவிடும். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கால் மரத்திருந்தால் சிப்பி வெட்டியதும் தெரியாது. சப்பாத்துப் போட்டு நடந்து, வந்து பாதத்தை ஒருமுறை பாருங்கள்.

எடைக்கு வருவோம். உங்கள் எடையுள்ளவர் ஒரு மணித்தியாலம் மெதுவாக நடந்தால், சும்மா இருந்தாலும் செலவாகிற சக்தியைக் கழித்துப் பார்க்க, மிஞ்சுவது ஏறத்தாழ 150 கலோரி. உங்கள் நாலு தேநீரில் 12 தேக்கரண்டி சீனி. தட்டையாக அள்ளினாலும் கரண்டிக்கு 4 கிராம், மொத்தம் 48 கிராம், 190 கலோரிக்கு மேல். நடந்து எரித்ததைவிடக் கூடுதலாகத் தேநீரிலேயே குடித்துவிடுகிறீர்கள். ஒரு பக்கம் குளிசை, மறுபக்கம் 12 கரண்டி சீனி: குளிசையை நீங்களே தோற்கடிக்கிறீர்கள். கிழமைக்கு ஒரு கரண்டியாக ஒவ்வொரு கோப்பையிலும் குறையுங்கள். மூன்றாம் கிழமையில் சீனியில்லாத தேநீருக்கு வந்துவிடுவீர்கள், நாக்கும் அதற்குப் பழகும். சோற்றை விடச் சொல்லவில்லை. தட்டில் பாதியைக் கீரையும் மரக்கறியும் எடுத்துக்கொள்ளட்டும், கால்வாசி மீனோ பருப்போ, மிச்சக் கால்வாசியில் சோறு.

தகப்பனாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் உடற்பயிற்சி செய்யவில்லை என்பது தவறு. மண்வெட்டியால் வரம்பு கட்டினார், குனிந்து கதிர் அறுத்தார், உப்பட்டி சுமந்தார், நெல் மூடையை முதுகில் ஏற்றினார். இன்று உழவுக்கு உழவு இயந்திரம், வெட்டுக்கு அறுவடை இயந்திரம். அந்த உழைப்பு போய்விட்டது, அதற்கென்று அளந்த சோற்றுக் கோப்பை மட்டும் அப்படியே இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இன்றும் வயல் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். 1953இல் மருத்துவர் ஜெரமி மொரிஸ் வெளியிட்ட லண்டன் பஸ் ஆய்விலும் இதே செய்திதான்: நாள் முழுதும் இருந்து ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப் பஸ்ஸின் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

மூடை தூக்கிய அந்தப் பங்குதான் உங்கள் நடையில் இல்லை. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசை. 30 வயதுக்குப் பின் அது பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது, நடையால் மட்டும் அது திரும்பாது. ஆகவே கிழமையில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, தசைக்கு வேலை கொடுங்கள். ஜிம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு கதிரை போதும். அதைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கால்களை இடுப்பகலத்துக்கு வைத்து, கைகளை நெஞ்சில் கட்டி, மூச்சை விட்டுக்கொண்டே எழும்புங்கள். இறங்கும்போது பொத்தென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணி இறங்குங்கள். முழங்கால் உள்ளே மடங்கக்கூடாது, குதி நிலத்தைவிட்டு எழக்கூடாது. 8 முதல் 12 தடவை, ஒன்றரை நிமிட ஓய்வு, இப்படி மூன்று முறை. மூச்சை அடக்கி எழும்பினால் பிரஷர் சட்டென்று ஏறும். இந்தப் பிழையைப் பலர் செய்கிறார்கள். மூன்று முறையும் 12 இலேசாக வந்ததும், 5 லீற்றர் தண்ணீர்க் கானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், அது 5 கிலோ. அதே கானைக் குனிந்து இடுப்புவரை இழுத்தால் முதுகுக்கு. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது நெஞ்சுக்கும் தோளுக்கும். மறுநாள் தசை நோவது வழமைதான், மூட்டில் குத்தும் வலி வந்தால் நிறுத்துங்கள். மாரி மழையில் நடை நின்றுபோகும் மாதங்களிலும் இவையெல்லாம் வீட்டு விறாந்தையில் நடக்கும்.

இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து சும்மா இருக்காதீர்கள். பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்கும் உதவி அதற்குள் தேய்ந்துவிடும். இராச்சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால் சீனி ஏறும் உயரம் குறையும்.

எடுக்கும் குளிசையின் பெயரைக் கிளினிக்கில் கேட்டு வையுங்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகையோ இன்சுலினோ என்றால் பயிற்சியின்போது சீனி இறங்கிவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சட்டைப்பையில் சீனிப்பொட்டலம் இருக்கட்டும். அதற்கு மட்டும்தான் சீனி. நெஞ்சு இறுகினாலோ வலி இடது கைக்கோ தாடைக்கோ போனாலோ நடையை நிறுத்தி நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை பத்து முதல் பின்னேரம் நாலு வரை பயிற்சி வேண்டாம். அந்த வரண்ட காற்று வியர்வையை அப்போதே உலர்த்திவிடுவதால் உடல் இழந்த தண்ணீர் தெரியாது.

தராசில் நாள்தோறும் ஏறாதீர்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் நாடாவால் அளவுங்கள். நம்மைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை, பெண்களுக்கு 80. 30 விநாடியில் கதிரையிலிருந்து எத்தனை தடவை எழும்ப முடிகிறது என்பதையும் மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, ஆகவே புதிய முறை தொடங்கி மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் பொருள்.

புரத மா வாங்கவேண்டாம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். பருப்பு, பயறு, கௌபி வேறு இருக்கின்றன. வாவியும் கடலும் உள்ள ஊரில் டப்பாவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. சீனி வருத்தம் காலப்போக்கில் சிறுநீரகத்தையும் தொடும்; அடுத்த கிளினிக்கில் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணின் உட்திரையையும் காட்டுங்கள். அதில் இரத்தக் கசிவு இருந்தால் கண் வைத்தியரைக் கேட்காமல் பாரம் தூக்கக் கூடாது.