பெயரையும் திருடியவன்: ஆடம் வொர்த் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், இந்த ஆடம் வொர்த் எந்த ஊர்க்காரன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேர்போன திருடன். 1844இல் ஜெர்மனியில் பிறந்தவன். ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்கு வந்தான். அப்பா தையற்காரர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டுக் கிடந்தவனை, 1862இல் செத்தவர் பட்டியலில் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். அவனுக்கு அது வசதியாகப் போயிற்று. படையில் சேர்வதற்குத் தரும் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடுவான், வேறு பெயரில் இன்னொரு படையில் சேர்வான், மறுபடி ஓட்டம்.

கேள்வி: கூட்டம் சேர்த்தது எப்போது?

போருக்குப் பிறகு, நியூயார்க்கில். முதலில் ஜேப்படி, அப்புறம் ஜேப்படிக்காரர்களுக்குத் தலைவன். சிங் சிங் சிறையிலிருந்து தப்பி வந்தபின் வீடு, கடை, வங்கி என்று கன்னம் வைக்கும் வேலைக்கு மாறினான். துப்பாக்கி மட்டும் கூடாது என்பது கூட்டத்துக்கு அவன் போட்ட சட்டம்.

கேள்வி: பாஸ்டன் வங்கியைக் கொள்ளையடித்த கதை நிஜமா?

நிஜம்தான். 1869 நவம்பர், பாய்ல்ஸ்டன் வங்கி. பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து டானிக் கடை வைத்தார்கள். ஜன்னல் நிறைய புட்டிகள். உள்ளே சுவர் உடைவது தெருவுக்குத் தெரியவில்லை. பிங்கர்டன் என்ற தனியார் நிறுவனத்தின் துப்பறிவாளர்கள் பின்னாலேயே வர, கூட்டாளி சார்லி புல்லார்டுடன் லிவர்பூலுக்குக் கப்பலேறினான்.

கேள்வி: லண்டனில் திருடிய அந்தப் பிரபல ஓவியத்தை ஏன் விற்கவில்லை? பைத்தியமா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். கெயின்ஸ்பரோ என்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்த டெவன்ஷயர் சீமாட்டி ஓவியம். ஆக்னியூ என்ற லண்டன் வியாபாரி பத்தாயிரம் கினிக்கு (பழைய ஆங்கிலேயப் பணம்) மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. 1876 மே மாத ராத்திரி, நெட்டையான ஒரு கூட்டாளியின் தோளில் ஏறி ஜன்னல் வழியாகப் புகுந்து, சட்டத்திலிருந்து ஓவியத்தை அறுத்து எடுத்தான் வொர்த். சிறையிலிருந்த தம்பியை ஜாமீனில் எடுக்க அதைப் பேரப்பொருளாக்குவது திட்டம். அதற்குள் வக்கீல் வேறு வழியில் தம்பியை மீட்டுவிட்டார். கையில் மிஞ்சியதோ ஊரே தேடும் முகம். யார் வாங்குவார்கள்? கால் நூற்றாண்டு ஒளித்து வைத்திருந்தான். அதன்மேல் காதல் என்பார்கள். விற்க முடியாத சரக்கு என்பேன் நான்.

கேள்வி: மோரியார்ட்டி இவன்தானா?

ஸ்காட்லாந்து யார்டு என்ற லண்டன் போலீஸ் தலைமையகத்தின் ராபர்ட் ஆண்டர்சன் இவனைக் குற்ற உலகின் நெப்போலியன் என்றார். துப்பறியும் கதைகளில் ஷெர்லாக் ஹோம்ஸின் எதிரியாக வரும் மோரியார்ட்டிக்கும் அதே பட்டம். ஆனால் மோரியார்ட்டி கணிதப் பேராசிரியர்; இவன் தெருவில் தொழில் கற்றவன்.

கேள்வி: முடிவு?

1892இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிடிபட்டு ஏழாண்டு தண்டனை, 1897இல் விடுதலை. 1901இல் ஓவியத்தை பிங்கர்டன் மூலம் காசுக்குத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த ஜனவரியில் லண்டனில் சாவு. ஹைகேட் கல்லறையில் புதைத்தபோது பெயர் ஹென்றி ரேமண்ட். அதுவும் நியூயார்க் டைம்ஸை நிறுவிய ஆசிரியரின் பெயர். அவர் 1869இலேயே காலமாகிவிட்டார்.