பரலோகப் பொக்கிஷமும் பதினோரு சென்ட்டும்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நாகர்கோவில் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). அப்பா உயில் எழுதாமலே இறந்து நான்கு வருடம் ஆகிறது. 11 சென்ட் மனையும் வீடும் இருக்கின்றன. என் பங்கைக் கேட்டேன். அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் பேசுவதில்லை, வழக்கு நடக்கிறது. போன வாரம் போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டு, “பூமியிலே பொக்கிஷம் சேர்க்கவேண்டாம் மகளே, விட்டுக்கொடு” என்றார். அம்மாவும் அதையே சொல்கிறாள். ராத்திரி தூக்கம் வரவில்லை. பங்கு கேட்பது பாவமா? அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, அவளைச் சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் நாள். எங்களுக்கு அழைப்பு இல்லை.

பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

பாவம் இல்லை. மற்றதெல்லாம் அப்புறம்.

மத்தேயு 6-இல் உள்ள அந்த வசனம் உங்களுக்குச் சொல்லப்பட்டது சரிதான். ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கும் உங்கள் அண்ணனிடம் யாராவது அதைச் சொன்னார்களா? “பரலோகத்தில் சேர்த்துவை தம்பி, தங்கச்சி பங்கைக் கொடுத்துவிடு” என்று எந்தப் போதகரும் சொல்லி நான் கேட்டதில்லை. விட்டுக்கொடுக்கச் சொல்வது எப்போதும் மகளிடம்தான். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. அன்று உங்கள் ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, இல்லையென்றால் 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951-லிருந்தே அது செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும், அதில் மகனும் மகளும் சமம் என்று சொல்லிவிட்டது. சட்டம் மாறியும் நம் முற்றங்களில் பேச்சு மாறவில்லை. அடுத்தவர் பங்கைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேதவசனத்தை எடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் வழக்கு சுவிசேஷத்திலேயே இருக்கிறது. லூக்கா 12-ஐ எடுத்துப் பாருங்கள். கூட்டத்திலிருந்து ஒருவன், “போதகரே, ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும்” என்கிறான். பாகம் பிரிப்பவனாக என்னை வைத்தவன் யார் என்று இயேசு கேட்கிறார். அதோடு நிறுத்தவில்லை. “அவர்களை நோக்கி” என்று வருகிறது. கேட்டவன், பக்கத்தில் நின்றவன், அவன் சகோதரன் அங்கே இருந்திருந்தால் அவனும், எல்லோருக்கும் சேர்த்துத்தான் பொருளாசையைப் பற்றி எச்சரிக்கிறார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்து, அந்த ராத்திரியே உயிரை விட்ட ஐசுவரியவானின் கதை அங்கேதான் வருகிறது.

அப்படியானால் உங்களுக்கு அந்த வசனத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. “உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்.” வரிசையைக் கவனியுங்கள். பொக்கிஷம் முன்னால் போகிறது, இருதயம் பின்னால் போகிறது. எங்கள் வீட்டிலும் இப்படி நடந்தது. தாத்தாவும் அவர் தம்பியும் ஒரு தோப்புக்காக 14 வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். தாத்தா போனபின் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேலே பாச்சை உருண்டை, நான்காக மடித்த பட்டு வேட்டி, அடியில் பத்திரம். பிரித்தால் சர்வே எண் எழுதிய இடத்தில் செல்லரித்து ஓட்டை. அந்த ஓட்டை வழியாக என் விரல் நுழைந்தது. 14 வருடமும் தாத்தாவின் மனசு அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. தம்பி செத்தபோதுகூட அது வெளியே வரவில்லை.

உங்கள் பக்கத்துக்காரர் தேவசகாயத்தை நினைத்துக்கொள்கிறேன். கத்தோலிக்கர்களின் புனிதர் என்று நீங்கள் தள்ளமாட்டீர்கள். மாடுகள் செத்து, பயிர் அழிந்து, நொந்துபோயிருந்த அரண்மனை அலுவலர் நீலகண்டனுக்கு, டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்று நம் பக்கம் சொல்வார்கள். டிலனாய் 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. இழந்தவனுக்கு இழந்த இன்னொருவன் சொன்ன கதை அது. எதையும் விட்டுக்கொடு என்று அவர் கேட்கவில்லை. நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. இவருக்கு இருந்ததும் போயிற்று. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டார்கள். விசுவாசித்தால் வீடும் காரும் வரும் என்று பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வரும். அவர் விட்டது அவருடையது. விட்ட கையும் அவருடையது.

அதனால் நீங்களாக மனமுவந்து விட்டால் அது காணிக்கை. மிரட்டி வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. வழக்கு நடக்கட்டும், வக்கீல் சொல்கிறபடி செய்யுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் மனையைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. கடைசியில் வருவது உங்கள் அண்ணன் மகளைப் பற்றி. அழைப்பு வராவிட்டாலும் ஆராதனைக்குப் போங்கள். அது அவர்கள் வீட்டு விருந்து இல்லை, கோவில். பின்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். ஆராதனை முடிந்து அவள் வெளியே வரும்போது, அத்தை வந்திருக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லுங்கள்.