லெஹங்கா 400 டொலர், வாசலில் 178 டொலர்: இந்தக் காசு யாருக்குப் போகிறது?

கேள்வி: மகளின் கல்யாண வரவேற்புக்கென்று சென்னைக் கடையொன்றில் இணையத்தில் லெஹங்கா எடுத்தேன். விலை 400 கனடிய டொலர், அனுப்பும் செலவு 45. இரண்டையும் அப்போதே கடனட்டையில் கட்டிவிட்டேன். பார்சலோடு ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த கூரியர்காரர், இன்னும் 178.20 டொலர் கட்டினால்தான் தரலாம் என்றார். கல்யாணம் கிட்ட வந்துவிட்டது, கட்டி வாங்கிவிட்டேன். இது சரியான கணக்கா? ஏதாவது திரும்பக் கிடைக்குமா? மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் ஐந்தாறு உடுப்பு எடுக்க இருக்கிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். அரசாங்கத்துக்குப் போனது 133.36 டொலர். மிச்சம் 44.84 டொலரும் கூரியர் நிறுவனத்துக்கு. முதல் தொகையில் கை வைக்க முடியாது. இரண்டாவதை நீங்கள் கட்டாமலே விட்டிருக்கலாம், ஆனால் அதற்கான நேரம் பார்சல் வாசலுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

முதலில் அரசாங்கத்தின் கணக்கு. கனடாவுக்கு வெளியிலிருந்து வரும் பொருள் 20 டொலருக்கு மேல் போனாலே வரி உண்டு. மிகச் சின்னத் தொகைதான், உலகத்தில் பல நாடுகள் இதைவிடத் தாராளமாக இருக்கின்றன. அமெரிக்காவிலோ மெக்சிகோவிலோ இருந்து கூரியரில் வந்தால் 40 டொலர் வரைக்கும் ஒன்றுமில்லை, 150 டொலர் வரைக்கும் சுங்கத் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, இல்லை, விற்பனை வரி மட்டும்தான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க ஒப்பந்தத்தில் கிடைத்த சலுகை அது. சென்னையிலிருந்து வரும் பார்சலுக்கு அது பொருந்தாது. வளரும் நாடுகளுக்குக் கனடா கொடுக்கும் பொதுச் சலுகைத் தீர்வைப் பட்டியலிலும் 2015 முதல் இந்தியா இல்லை.

தைத்த உடுப்புகளுக்கு இங்கே தீர்வை கூடுதல். பெரும்பாலும் 16 முதல் 18 வீதம் வரை. உங்கள் லெஹங்காவுக்கு 18 வீதம் போட்டிருக்கிறார்கள்: 400இல் 72 டொலர். பிறகு எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி. அதை வெறும் 400க்குப் போடமாட்டார்கள், தீர்வையும் சேர்ந்த 472க்குத்தான் போடுவார்கள். ஒன்ராறியோவில் 13 வீதம், ஆக 61.36. இரண்டையும் கூட்டினால் 133.36. வரிக்கு மேல் வரியா என்று கோபப்படுவீர்கள், எனக்கும் அது பிடிக்காது. ஆனால் சட்டம் அப்படித்தான்.

உங்கள் பில்லில் ஒன்று சரியாகவே இருக்கிறது. தீர்வையை 400க்குத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள், அனுப்பும் செலவான 45 டொலரைச் சேர்க்கவில்லை. கனடாவில் பொருளின் விலைக்குத்தான் தீர்வை. வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவரும் செலவு விலைச்சீட்டில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதைக் கழித்துவிடலாம். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் இப்படியில்லை, அங்கே கப்பல், விமானச் செலவையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் மதிப்பிடுவார்கள். உங்கள் கடைக்காரர் "இலவச டெலிவரி, 445 டொலர்" என்று ஒரே தொகையாக எழுதியிருந்தால், அந்த 45க்கும் நீங்கள் கட்டியிருப்பீர்கள். அடுத்த முறை விலையையும் அனுப்பும் செலவையும் வெவ்வேறு வரியில் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 44.84. கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் சுங்கத்துக்குக் கணக்குக் கொடுத்து, உங்கள் வரியைத் தன் காசில் முன்கூட்டியே கட்டியிருக்கிறது. அதற்குத் தரகுக் கூலி, முற்பணக் கட்டணம் என்று 39.68 டொலர் எழுதி, அந்தக் கூலிக்கும் எச்.எஸ்.ரி 5.16 சேர்த்திருக்கிறார்கள். எவ்வளவு வாங்கலாம் என்பதைச் சுங்கத்தைப் பார்க்கும் அரசாங்க அமைப்பான எல்லைச் சேவை முகவரகம் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விலைப்பட்டியல். சுங்கத் தரகுத் தொழிலில் இருப்பவன் நான், எங்கள் கூலி நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் 60 டொலர்ச் சட்டை ஒன்றுக்கு வரியைவிடக் கூலி கூடுதலாக வந்த பில்களைக் கண்டிருக்கிறேன். அந்த இடத்தில் வாங்குகிறவர் கோபப்படுவதில் பிழையில்லை.

இந்தக் கூலியைத் தவிர்க்க ஒரு வழி, நீங்களே போய்ச் சுங்கம் கட்டுவது. பார்சல் இந்தியாவிலிருந்து கிளம்பியதுமே கூரியர் நிறுவனத்துக்குப் போன் எடுத்து, நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் தரும் சரக்கு விபரத் தாளையும், விலைச்சீட்டையும், அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு எல்லைச் சேவை அலுவலகத்துக்குப் போனால், அங்கே தீர்வையும் வரியும் கட்டி, முத்திரை குத்திய பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து பார்சலை எடுக்கலாம். உங்கள் பக்கத்துக்கு மிசிசாகாவில் பியர்சன் விமான நிலையத்தை ஒட்டிய அலுவலகம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். மார்க்கத்திலிருந்து அங்கே போய் வர அரை நாள் போய்விடும். 45 டொலருக்காகப் போவதா என்பது உங்கள் வேலையையும் வாகனத்தையும் பொறுத்தது. ஐந்தாறு உடுப்பும் ஒரே பார்சலாக வந்தால் போவேன், ஒன்றுக்காகப் போகமாட்டேன். கூரியர் நிறுவனம் ஒருமுறை கணக்கைக் கொடுத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும், உங்கள் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

எனக்குப் பிடித்தது இதைவிடச் சுலபமான வழி: தபாலில் எடுப்பியுங்கள். இந்திய அஞ்சல் துறையின் ஈ.எம்.எஸ் என்ற விரைவுத் தபால் சேவையில் அனுப்பினால், இங்கே கையில் எடுப்பது கனடா போஸ்ட். வரி போட்டால் அவர்கள் வாங்கும் கையாளுகைக் கட்டணம் ஒரு பார்சலுக்கு 9.95 டொலர், அவ்வளவுதான். உங்கள் லெஹங்காவே தபாலில் வந்திருந்தால் 133.36உம் 9.95உம் சேர்த்து 143.31 டொலர். வீட்டில் சீட்டை விட்டுப் போவார்கள்; பக்கத்து ஷொப்பர்ஸ் மருந்துக்கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டரில் கட்டி எடுக்கலாம். கூரியர் அளவுக்கு வேகமில்லை, எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பதும் அவ்வளவு சுகமில்லை. கல்யாணத்துக்கு நாளிருந்தால் பரவாயில்லை. பார்சலில் ஒட்டி வரும் ஈ14 என்ற தாளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். வரி பிழையென்று நினைத்தால் அதன் பின்பக்கத்தை நிரப்பித்தான் மறுபரிசீலனை கேட்க வேண்டும், 90 நாளுக்குள்.

திரும்பக் கிடைக்குமா என்று கேட்டீர்கள். லெஹங்காவைக் கடைக்கே திருப்பி அனுப்பினாலோ, தீர்வை வீதம் பிழையாகப் போடப்பட்டிருந்தாலோ, பி2ஜி என்ற படிவத்தில் அரசாங்கத்திடம் விண்ணப்பிக்கலாம். அதில் கிடைப்பது வரி மட்டும். கூரியர்க் கூலி போனது போனதுதான். உங்கள் கணக்கில் பிழை இல்லை, அதனால் மெனக்கெட வேண்டாம்.

ஊரில் யாராவது இரண்டு யோசனை சொல்லியிருப்பார்கள். ஒன்று, பார்சலில் "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்வது. அன்பளிப்புக்கு 60 டொலர் வரை வரியில்லை என்பது உண்மை. அதற்கு மேல் போனால் மேலதிகத் தொகைக்கு மட்டும் வரி. ஆனால் அது வெளிநாட்டில் இருப்பவர் தன் காசில், இங்கே இருப்பவருக்கு அனுப்பியதாக இருக்க வேண்டும். நீங்கள் காசு கட்டிக் கடை அனுப்பியதை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்க் கணக்கு. பிடிபட்டால் பொருளே போகும். கடைக்காரர் கேட்காமலே 400ஐ 40 என்று எழுதி அனுப்பினாலும் பதில் சொல்ல வேண்டியவர் இறக்குமதி செய்யும் நீங்கள்தான்.

மற்றது, சென்னைக்குப் போய் வருபவரிடம் கொடுத்தனுப்புவது. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்துவிட்டுத் திரும்பும் கனடாவாசி 800 டொலர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது சரி. அந்தச் சலுகை அவருடைய சொந்தப் பொருளுக்கும், அவர் கொடுக்கும் அன்பளிப்புக்கும்தான். இன்னொருவருக்காகத் தூக்கிவரும் பொருள் அதில் சேராது, முழு வரி கட்ட வேண்டும். நீங்களே போய் எடுத்து வருவதாக இருந்தால் அது நல்ல யோசனை.

எல்லாப் பொருளுக்கும் உடுப்பைப் போலத் தீர்வை இல்லை. காலணிக்கு ஏறக்குறைய உடுப்பளவு உண்டு. போன், மடிக்கணினி, புத்தகம் இவற்றுக்குத் தீர்வை கிடையாது, விற்பனை வரியோடு போய்விடும். பெயரில் கனடாவென்று இருக்கும் தளங்களிலும் பொருள் எங்கிருந்து அனுப்பப்படுகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். டொலரில் விலை போட்டிருப்பதால் உள்நாட்டுக் கடையென்று ஆகிவிடாது. தீர்வையும் வரியும் விலையிலேயே அடங்கும் என்று எழுதியிருக்கும் கடைகளும் உண்டு, அங்கே வாசலில் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பார்சலை எதிர்பார்த்திருக்கும் நாட்களில், சுங்கக் காசு கட்டச் சொல்லி லிங்க்கோடு குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். விற்பனையாளர் தந்த கண்காணிப்பு எண்ணைக் கொண்டு கூரியர் அல்லது கனடா போஸ்ட் தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். கட்ட வேண்டியிருந்தால் அங்கே காட்டும்.