கோச் பேசினால் நம்பலாமா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி ஃபுட்பால் கோச்சுகள் நிறவெறியைப் பற்றிப் பேசுவது குறித்துக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, திட்டி வந்தவற்றில் விஷயம் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

டல்லாஸுக்குப் புதிதாக வந்த ஒருவர்: அண்ணா, பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆளுக்கு ஊர் விவகாரம் எதற்கு?

தம்பி, அவர் பந்து மட்டும் கற்றுக்கொடுக்கிறவர் இல்லை. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களில் முதலிடம் கவர்னருக்கு அல்ல, மாநிலப் பல்கலைக்கழக ஃபுட்பால் கோச்சுக்கு. அலபாமாவில் நிக் சேபன் 2020-ல் வாங்கியது ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டாலர்.

இப்படிப்பட்ட கோச் எப்படி வீரர்களைச் சேர்க்கிறார் என்று பார். 17 வயதுப் பையனின் வீட்டுக்கே போய், சோபாவில் உட்கார்ந்து, அம்மா வைத்ததைச் சாப்பிட்டு, "உங்கள் பிள்ளை இனி என் பிள்ளை" என்கிறார். வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர். தலைமைக் கோச்சுகளோ பெரும்பாலும் வெள்ளையர். தென்மாநிலங்களின் பெரிய லீக்கான எஸ்.இ.சி.யில் 2020-ல் இருந்த 14 அணிகளில் கறுப்பினத் தலைமைக் கோச் ஒருவர்தான், வாண்டர்பில்ட்டின் டெரிக் மேசன். அந்த ஆண்டு மே 25 அன்று மினியாபொலிஸில் போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் செத்துப்போனபோது, பிள்ளைகள் முதலில் திரும்பிப் பார்த்தது அந்த வாக்குறுதி கொடுத்தவரைத்தான்.

அட்லாண்டாவிலிருந்து: சேபன் ஊர்வலம் போனது வெறும் விளம்பரம்தானே?

விளம்பரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீரர்களைச் சேர்க்கிற விஷயத்தில் சேபன் கணக்குப் பார்க்காமல் ஓர் அடி வைத்தவரில்லை. ஆனால் அவர் எங்கே நடந்தார் என்று பாருங்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று வீரர்களோடு அவர் நடந்து போய் நின்றது அலபாமா பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் அரங்க வாசலில். 1963 ஜூன் 11 அன்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று கவர்னர் ஜார்ஜ் வாலஸ் மறித்து நின்ற அதே வாசல். அலபாமாவில் அந்த இடத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த வீடியோ. அதில் சேபனும் பேசினார், வீரர்களும் பேசினார்கள். ஆனால் அவர்கள் பேசியது அலெக்ஸ் லெதர்வுட் என்ற வீரர் எழுதியதை. கறுப்பின உயிர்களுக்கு மதிப்பு வரும்வரை எல்லா உயிர்களுக்கும் மதிப்பு என்று சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம். மாணவன் எழுதிய வரிகளைத் தன் வாயால் சொல்ல கோச் ஒப்புக்கொண்டார். பதவியில் இருப்பவர்களுக்கு இது லேசில் வராது.

ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்தது உண்மை. அப்புறம்? அந்த சீசனில் அலபாமா 13 ஆட்டத்திலும் ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டை 52-24 என்று நொறுக்கியது. கொதிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்படியென்றால் ஜெயிக்கிற கோச்சுக்கு மட்டும்தான் பேச உரிமையா? (ஆஸ்டின்)

உரிமை எல்லோருக்கும் உண்டு, பாதுகாப்புதான் ஜெயிப்பவருக்கு மட்டும். உங்கள் ஊர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த டாம் ஹெர்மனை விட நல்ல உதாரணம் இல்லை. 2020 ஜூனில் அவர் சொன்னதன் சாரம் இது: இந்தப் பையன்கள் டச்டவுன் போடும்போது லட்சம் பேர் கைதட்டுகிறோம், அவர்களுக்குப் பெண் கொடுப்போமா, கம்பெனியில் மேல்பதவி கொடுப்போமா? அந்த வருடம் எந்த வெள்ளைக்கார கோச்சும் இவ்வளவு நேராக ரசிகர்களைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பிறகு பல்கலைக்கழகப் பாடல் பிரச்சினை வந்தது. 'தி ஐஸ் ஆஃப் டெக்சஸ்' 1903-ல், வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடும் கேலிநாடக மேடையில் முதலில் பாடப்பட்டது. அதை மாற்றுங்கள் என்று வீரர்கள் கேட்டார்கள். ஹெர்மன் யாரையும் நின்று பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அக்டோபரில் ஓக்லஹோமாவிடம் தோற்ற பிறகு, பாட்டு ஒலிக்கும்போது, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சாம் எலிங்கர் கிட்டத்தட்டத் தனியாக நிற்கும் படம் பரவியது. நன்கொடை தரும் பழைய மாணவர்கள், பாட்டைக் கைவிட்டால் பணத்தை நிறுத்துவோம் என்று பல்கலைக்கழகத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

ஹெர்மன் அந்த சீசனில் 7 ஜெயித்து 3 தோற்றார். 2021 ஜனவரி 2 அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டுக்காக மட்டும் அனுப்பினார்கள் என்பது மிகை. ஆட்டமும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆனால் அடுத்து வந்த ஸ்டீவ் சார்க்கீசியன், தன் அறிமுகப் பேட்டியிலேயே அந்தப் பாட்டைப் பெருமையோடு பாடுவோம் என்று சொல்லிவிட்டார். புரிந்துகொள்ள வேண்டியவர்களுக்குப் புரிந்தது.

ஓக்லஹோமா ஸ்டேட் கோச்சாக இருந்த மைக் கண்டி 2020-ல் ஒரு டி-ஷர்ட் போட்டதற்கு அவ்வளவு ரகளை தேவையா?

மீன்பிடிக்கப் போனபோது எடுத்த படத்தில், கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்தை இழிவாகப் பேசிவந்த ஓ.ஏ.என். என்ற சேனலின் டி-ஷர்ட் அவர் மேல் இருந்தது. முந்தைய சீசனில் அவர் அணிக்காகப் பந்தோடு 2,094 கெஜம் ஓடி நாட்டிலேயே முதலிடம் பிடித்த சூபா ஹப்பர்ட், இதை ஏற்க மாட்டேன் என்று ட்வீட் போட்டார். அன்றே கோச்சும் அவரும் சேர்ந்து ஒரு வீடியோ. வேடிக்கை என்னவென்றால் அதில் வருத்தம் தெரிவித்தது ஹப்பர்ட், ட்வீட் போடாமல் நேரில் சொல்லியிருக்கலாம் என்று! கண்டியின் மன்னிப்பு மறுநாள்தான் வந்தது. பிறகு சம்பளத்தில் 10 லட்சம் டாலர் குறைந்தது. டி-ஷர்ட் சின்ன விஷயம்தான், அந்த முதல் வீடியோ சின்ன விஷயமில்லை.

ஃப்ளோரிடாவிலிருந்து: எங்கள் நார்வெல் நல்ல எண்ணத்தோடு பேசி மாட்டிக்கொண்டார், பாவம்.

எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். ஃப்ளாய்ட் சாவுக்குப் பிறகு ஒவ்வொரு வீரரிடமும் தனித்தனியாகப் பேசியதாக ஃப்ளோரிடா ஸ்டேட் கோச் மைக் நார்வெல் 2020-ல் பேட்டி கொடுத்தார். அது பொய், எங்களுக்கு ஒரு பொதுச் செய்திதான் வந்தது என்று அவர் அணி வீரர் மார்வின் வில்சன் எழுதினார். நார்வெல் சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார், விஷயம் ஆறியது. பெரிய கொள்கை எதையும் யாரும் அவரிடம் கேட்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்றார்கள்.

"கோச் கோச்சாக இருக்கட்டும், அரசியல் வேண்டாம்." இது கேள்வி இல்லை, கருத்து. (பெர்மிங்ஹாம்)

சார், உங்கள் அலபாமாவே ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கோச் டாமி டப்பர்வில்லை 2020 நவம்பரில் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. கோச் அரசியல் பேசக் கூடாது என்பதற்கு, எனக்குப் பிடிக்காத அரசியலைப் பேசக் கூடாது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். எதிர்ப்பக்கமும் இதே கதைதான். அப்போதைய மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பா 2020 ஜூனில் ஆன் ஆர்பரில் போலீஸ் வன்முறைக்கு எதிராக நடந்தபோது பாராட்டியவர்களில் பலர், 2022-ல் அவர் கருக்கலைப்புக்கு எதிராகப் பேசியதும் முகம் சுளித்தார்கள். மனிதர் ஒருவரேதான்.

கோச் பேசியதால் எதுவாவது நிஜமாக மாறியதுண்டா?

மிஸிஸிப்பி கொடி. 1894 முதல் அதன் மூலையில் அடிமை மாநிலங்களின் போர்ச் சின்னம் இருந்தது; 2001-ல் வாக்கெடுப்பு நடத்தியும் மக்கள் அதை வைத்துக்கொண்டார்கள். 2020 ஜூன் 22 அன்று மிஸிஸிப்பி ஸ்டேட் அணியில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கைலின் ஹில், கொடியை மாற்றுங்கள், இல்லையேல் இந்த மாநிலத்துக்காக ஆடமாட்டேன் என்றார். மூன்றே நாளில் அரசுப் பல்கலைக்கழகங்களின் கோச்சுகள் தலைநகரில் சட்டமன்றத்துக்கே போய் வலியுறுத்தினார்கள். ஜூன் 30 அன்று கவர்னர் கையெழுத்துப் போட்டார். கொடி மாறாவிட்டால் இங்கே சாம்பியன்ஷிப் ஆட்டம் கிடையாது என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வும் எஸ்.இ.சி.யும் முன்பே நெருக்கியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஸ்காலர்ஷிப்பைப் பணயம் வைத்து முதலில் வாய் திறந்தது அந்தப் பையன்தான், கோச்சுகள் பின்னால் போனார்கள்.

2015-ல் மிசூரியிலும் இதே வரிசை. பல்கலைக்கழகத் தலைவர் விலகும்வரை ஆடமாட்டோம் என்று வீரர்கள் மறுத்தார்கள், கோச் கேரி பின்கெல் மறுநாள் அவர்களோடு நிற்கும் படத்தைப் போட்டார், அதற்கு மறுநாள் தலைவர் ராஜினாமா.

பழைய காலத்தில் ரசிகர்கள் யாரை நம்பினார்கள்?

கோச்சைத்தான். 1969 அக்டோபரில் வயோமிங்கின் 14 கறுப்பின வீரர்கள், பிரிகம் யங் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கறுப்புப் பட்டை கட்டலாமா என்று கேட்கப் போனார்கள். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தை நடத்தும் மார்மன் சபை அப்போது கறுப்பினத்தவரைக் குருத்துவத்தில் சேர்க்காததுதான் காரணம். வயோமிங் கோச் லாய்ட் ஈட்டன் பதில் சொல்லவிடாமல் 14 பேரையும் அணியைவிட்டு நீக்கினார். ஊர் ஈட்டன் பக்கம் நின்றது. அடுத்த சீசனில் அணி ஒன்று ஜெயித்து 9 தோற்றது, அவரும் போய்விட்டார். வயோமிங் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2019-ல்.

ஹூஸ்டனிலிருந்து ஒரு அம்மா: என் மகன் உயர்நிலைப் பள்ளியில் கிக்கர். கோச்சுகள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். என்ன கேட்பது?

அக்கா, வாழ்த்துகள். சமூக நீதி பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், மனப்பாடமாகப் பதில் வைத்திருப்பார்கள். ஐயோவாவை நினைத்துக்கொள்ளுங்கள். கர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் அங்கே கோச், கண்ணியமானவர் என்று பெயர். 2020 ஜூனில் வீரர்கள் ட்விட்டரில் எழுதக் கூடாது என்ற தடையை அவரே நீக்கினார். கிட்டத்தட்ட அதே நாட்களில் ஜேம்ஸ் டேனியல்ஸ் என்ற முன்னாள் வீரர் அங்கே நடந்த பாகுபாடு பற்றி எழுத, டஜன் கணக்கில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். உடற்பயிற்சிக் கோச் கிறிஸ் டாயில் குற்றச்சாட்டை மறுத்தார். 11 லட்சம் டாலர் ஒப்பந்தத்தோடு வெளியேறினார். கறுப்பின முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கு 2023-ல் 41 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு முடிந்தது. உள்ளே இருந்தவரை யாரும் பேசவில்லை, வெளியே போனவர்கள்தான் பேசினார்கள்.

அதனால், பாதியில் விட்டுப்போன நாலு பையன்களின் தொலைபேசி எண் கேளுங்கள். இப்போது ஆடுகிறவர்கள் எண் வேண்டாம். தரத் தயங்கினால் ஒரு காபியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.