முதல் கருத்தரங்கக் கட்டுரை: மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மாணவர் இலக்கியக் கருத்தரங்கங்களுக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்பு வெளியிடத் தொடங்கிவிட்டன. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அமர்வுத் தலைவராக உட்கார்ந்து கேட்ட கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. முதன்முறையாக மேடை ஏறப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதுகலை முதலாண்டு மாணவி, திருநெல்வேலி: அம்மா, ‘சங்க இலக்கியத்தில் பெண்கள்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டேன். ஆய்வுச்சுருக்கம் எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: தெரியாததற்குக் காரணம் நீங்கள் இல்லை, தலைப்பு. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சேர்ந்து 2381 பாடல்கள். உங்களுக்குக் கிடைக்கப் போவது பத்து நிமிடம். குறுந்தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலேயே 401 பாடல்கள் உண்டு. அதிலும் செவிலித்தாய், அதாவது தலைவியை வளர்த்த தாய், பேசும் பாடல்களை மட்டும் தனியே பிரித்து எழுதி வையுங்கள். அவற்றை ஒரே மாலையில் படித்துவிடலாம்.

இரண்டு பாடல்களை அருகருகே வைத்துக் காட்டுகிறேன். 44ஆம் பாடல் வெள்ளிவீதியார் பாடியது. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிச் சுரத்தில், வறண்ட பாலை வழியில், நடக்கிறாள் செவிலி. கால்கள் நடை தளர்ந்துவிட்டன, எதிரே வருவோரையெல்லாம் உற்று உற்றுப் பார்த்துக் கண்கள் ஒளி இழந்துவிட்டன. 167ஆம் பாடல் கூடலூர் கிழாருடையது. அங்கே செவிலி, மணமான மகளின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம், பெற்ற தாயிடம், சொல்கிறாள். தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள் அந்தப் பெண். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சொல்லி உண்ண, அவள் முகம் ‘நுண்ணிதின்’ மகிழ்கிறது. அந்த ‘நுண்ணிதின்’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். பிறர் கண்ணுக்குத் தப்பிவிடும் அந்தச் சிறு மலர்ச்சியை வளர்த்தவள் கண்டுகொள்கிறாள். இரண்டு பாடல்களிலும் செவிலிக்கு வேலை பார்ப்பதுதான். ஒன்றில் தேடித் தேடிக் கண் மங்குகிறது, மற்றொன்றில் அதே கண் நிறைகிறது. ‘குறுந்தொகைச் செவிலியின் பார்வை’ என்று தலைப்பை மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் இன்றே கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இளங்கலை மாணவர், விழுப்புரம்: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினேன். திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள், தம்பி. மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றிய பிறகு ஒருமுறை முழுவதும் படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

முனைவர் பட்ட ஆய்வாளர், சேலம்: எனக்கு வேண்டியது சான்றிதழும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வரும் தொகுப்பு நூலும்தான். நேரில் போகாமல் கட்டுரையை மட்டும் கொடுத்தால் போதாதா?

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இரண்டு கருத்தரங்கங்களில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும், ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிமுறையில் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென விதி வைத்திருக்கிறதா என்பதை நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அது நூலை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். இந்தியாவில் பதிப்பாளர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. தொகுப்பில் உள்ள கட்டுரையை யாராவது படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. நேரில் போகாமல் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் பணமும் போகும், உங்கள் ஆய்வைப் பற்றி ஒருவர் கேட்கும் கேள்வியும் கிடைக்காது.

முதுகலை இரண்டாமாண்டு மாணவி, காரைக்குடி: எனக்கு அந்தக் கேள்விகளை நினைத்தாலே பயம். பதில் தெரியாவிட்டால் எல்லார் முன்னும் தலைகுனிய வேண்டுமே, அம்மா?

பதில்: ஓர் அமர்வில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவர் குறுந்தொகை மூன்றாம் பாடலைத் தலைவன் கூற்று, அதாவது தலைவன் பேசுவது, என்று எழுதி வந்திருந்தார். நிலத்தை விடப் பெரியது, வானை விட உயர்ந்தது, கடலை விட ஆழமானது என்று காதலைச் சொல்லும், தேவகுலத்தாரின் பாடல் அது. நான் கேட்டேன்: “கடைசி அடியை வாசியுங்கள், தம்பி.” அவர் வாசித்தார்: “நாடனொடு நட்பே.” வாசித்து முடித்தவர் அப்படியே நின்றார். பிறகு அவரே சொன்னார்: “நாடனோடு கொண்ட நட்பு என்றால் பேசுகிறவள் தலைவி அல்லவா, அம்மா!” வழிகாட்டி நூலில் இருந்த பிழையை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் தாளில் அடித்துத் திருத்திக்கொண்டு மேலே வாசித்தார். அன்று நான் கேட்டவற்றில் இன்றும் நினைவில் நிற்பது அந்தக் கட்டுரைதான்.

பதில் தெரியாவிட்டால் “மூலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். கேள்வி கேட்டவரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, பார்த்துவிட்டு உண்மையிலேயே எழுதுங்கள். எனக்கு அப்படிக் கடிதம் எழுதிய மாணவர்கள் மூன்று பேர். மூவரையும் என்னால் மறக்க முடியவில்லை.

இளங்கலை மாணவர், கோவை: செயற்கை நுண்ணறிவைக் கேட்டுக் கட்டுரை எழுதலாமா?

பதில்: வேண்டாம். கேட்டவுடன் பாடல் எண், புலவர் பெயர், அடி என்று எல்லாம் கொடுக்கும். நூலைத் திறந்தால் அந்த எண்ணில் வேறு பாடல் இருக்கும். சில வேளை அப்படி ஓர் அடியே எந்த நூலிலும் இருக்காது. உ.வே.சாமிநாதையர் குறுந்தொகையை உரையோடு 1937இல் பதிப்பித்தார். ஒவ்வொரு பாடலுக்கும் கூற்று, பதவுரை, பாட வேறுபாடு எல்லாம் அதில் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளைத் தேடிப் பாருங்கள். சென்னைக்கு வர முடிந்தால் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டுக்கும் ஒருநாள் ஒதுக்குங்கள்.

பிறர் எழுத்தை எடுத்தாள்வது பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வேடுகளுக்கு மானியக் குழு 2018இல் விதித்த வரம்புப்படி, 10 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாக மேற்கோள் காட்டிய வரிகள் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே பாடலடிகளைத் தயங்காமல் எடுத்துக்காட்டுங்கள், எண்ணைத் தவறாமல் போடுங்கள்.

மாணவர் மன்றச் செயலாளர், ஒரு பல்கலைக்கழகம்: எங்கள் வளாகத்தில் ஒருநாள் கருத்தரங்கம் நடத்துகிறோம். 60 கட்டுரைகள் வந்துள்ளன. எல்லாவற்றையும் ஏற்கலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசிக்கப் பத்து நிமிடம், கேள்விக்கு ஐந்து நிமிடம் என்றால் 60 கட்டுரைகளுக்குப் 15 மணி நேரம். தொடக்க விழா, உணவு, தேநீர் போக ஒரு நாளில் மிஞ்சுவது நான்கு மணி நேரம். நான்கு அறைகளில் இணை அமர்வுகள் வைத்தால்தான் ஈடுகட்ட முடியும். அப்போது ஒவ்வோர் அறையிலும் வாசிப்பவர்களைத் தவிரக் கேட்பவர் இருக்க மாட்டார். முப்பதைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு அறைகள் போதும். எஞ்சிய முப்பது பேருக்கும் ஏன் ஏற்கவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

தொடக்க விழாவை முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நான் போயிருந்த ஒரு கருத்தரங்கத்தில் வாழ்த்துரைகளும் பொன்னாடைகளும் பன்னிரண்டரை வரை நீண்டன. எங்கள் அமர்வுக்கு வந்தபோது ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த ஒரு பெண், தலைப்பையும் முடிவுரையையும் மட்டும் வாசித்துவிட்டு இறங்கினாள். கையில் எட்டுப் பக்கம் இருந்தது. அமர்வுத் தலைவராக அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

முதுகலை மாணவி, நாகர்கோவில்: எனக்குக் காலை அமர்வு. வாசித்ததும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மதியமே கிளம்பலாமா? ஊர் தூரம், அம்மா.

பதில்: இருங்கள். பிற்பகல் அமர்வுகளில் உங்கள் தலைப்பை ஒட்டிய கட்டுரை ஒன்றாவது இருக்கும். அதை வாசிப்பவரோடு தேநீர் வேளையில் பேசினால் நூலகத்தில் நீங்கள் தேடி அலைந்த நூலின் பெயர் கிடைக்கலாம். ஏற்பாட்டாளருக்கு இப்போதே எழுதி, மாணவியர் விடுதியில் அன்றிரவு தங்க இடம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். காலையில் வெளிச்சத்தோடு பஸ் ஏறலாம்.