வாளையாறு தாண்டி வாடகை ஃபிளாட்

எனக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை, மனைவிக்குக் கோவையில். பாலக்காட்டில் எந்தப் பக்கம் ஃபிளாட் பார்க்கலாம்?
– திருப்பூர் வாசகர்

மனைவி ரயிலில் போவாரா, பஸ்ஸிலா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். ரயில் என்றால் ஒலவக்கோடு. பாலக்காடு ஜங்ஷன் இருப்பது அங்கேதான். "ஸ்டேஷன் பக்கம்" என்று புரோக்கர் சொன்னால் எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். டவுன் ஸ்டேஷன் பொள்ளாச்சி லைனில் இருக்கிறது. பஸ் என்றால் சந்திரநகர். கோவை நெடுஞ்சாலையை ஒட்டியது, கஞ்சிக்கோடும் அதே சாலையில். இருவருக்கும் ஒரே திசை என்பதால் என் ஓட்டு சந்திரநகருக்கு. கல்பாத்தி மனதுக்குப் பிடிக்கும்தான். ஆனால் ஐப்பசிக் கடைசியில் தேர் ஓடும் நாட்களில் காரை மறந்துவிட வேண்டும்.

ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார் உரிமையாளர். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே?
– பொள்ளாச்சி வாசகி

அது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். கேரள எல்லையான வாளையாறு தாண்டினால் செல்லாது. தமிழ்நாட்டிலும் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் மூன்று மாதக் கணக்கு மாறும். இங்கே நடப்பது 1965-ஆம் ஆண்டுக் கேரள வாடகைச் சட்டம். எனவே பேரம்தான் வழி. தொகை குறையாவிட்டால், காலி செய்த எத்தனை நாளில் திருப்பித் தருவார், பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார் என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு என்றால் பயப்படாதீர்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினொன்று.

இன்னொன்று: பத்திரம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி சொன்ன பிறகே கையெழுத்துப் போடுங்கள். டீக்கடையில் பேசும் மலையாளம் பத்திரத்துக்கு உதவாது. நான் பட்டிருக்கிறேன். வாடகை உயர்வு பற்றிய வரியைத் தலையாட்டிக்கொண்டே கையெழுத்திட்டு, அடுத்த வருஷம்தான் அர்த்தம் தெரிந்தது!

கரண்ட் பில் எவ்வளவு வரும்?
– ஈரோடு வாசகர்

ஏசி எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் பொறுத்தது. இங்கேயும் இரண்டு மாதத்துக்கு ஒரு பில்தான், ஆனால் நம் ஊரில் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் கிடையாது. கவனிக்க வேண்டிய எல்லை 500. இரண்டு மாதத்தில் அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் உயர்ந்த விலை. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயிலுக்கு ஏசியை நிறுத்த மனசு வராது. போன வருஷக் கோடைக்காலப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே.

நான்காவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. எடுக்கலாமா?
– கோவை வாசகி

ஆனி, ஆடியில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்துதான் நுழையும், கூடவே சாரலும். ஜன்னல் சட்டத்தின் கீழே மட்டும் புது பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டு நம்பர் காரை அப்படியே ஓட்டலாமா?
– உடுமலை வாசகர்

பன்னிரண்டு மாதம் வரை. அதற்கு மேலும் கார் இங்கேயே இருந்தால் கேரள நம்பருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க இரண்டு நடையாவது ஆகும், லீவைச் சேர்த்து வையுங்கள்.