கோலாலம்பூரில் எடுத்த ஃபூட் டிரக் லைசன்ஸ் பெட்டாலிங் ஜெயாவில் செல்லுமா?

செல்லாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தோசை, பிரட்டல் விற்கும் லாரியை வார இறுதியில் பிஜேவுக்கு (பெட்டாலிங் ஜெயாவுக்கு) கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபெடரல் ஹைவேயில் கோத்தா டாருல் எஹ்சான் வளைவைத் தாண்டியதும் நீங்கள் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறீர்கள். அங்கே கோலாலம்பூர் மாநகர மன்றமான டிபிகேஎல் கொடுத்த லைசன்ஸுக்கு அதிகாரம் இல்லை. பெட்டாலிங் ஜெயாவின் மன்றமான எம்பிபிஜேயிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சுபாங் ஜெயா போனால் அந்த ஊர் மன்றமான எம்பிஎஸ்ஜே, ஷா ஆலம் போனால் அங்குள்ள மன்றமான எம்பிஎஸ்ஏ.

காரணம், மலேசியாவின் 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. லைசன்ஸ் கொடுப்பதும் நிபந்தனை போடுவதும் அந்தந்த மன்றத்தின் கையில். காரணம் சொல்லாமலே ரத்து செய்யவும் அதே பிரிவு இடம் தருகிறது. கடன் வாங்கி லாரி கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். முதலில் எங்கே நிறுத்தலாம் என்று இரண்டு மன்றங்களிலும் நேரில் கேளுங்கள். அப்புறம் லாரிக்கு முன்பணம் கொடுங்கள். தனியார் நிலமானாலும் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, இரண்டு ஊருக்கும் பொதுவானவையும் உண்டு. எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு, லாரியை மாற்றிக் கட்டியதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி ஆகியவை ஊருக்கு ஊர் மாறாது. 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள்படி உணவைக் கையாளும் எல்லோருக்கும் பயிற்சிச் சான்றிதழும் தைஃபாய்டு ஊசியும் வேண்டும். ஊசி 3 ஆண்டுக்குத்தான் செல்லும். உதவிக்கு நிற்கும் தம்பி, தங்கைக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.